“அதுவல்லவோ பாட்டு!”



மாலை ஏழு மணி இருக்கும். செபமாலை முடிந்துவிட்டது, இராச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வீட்டுத் தலைவர் சாய்மனைக் கதிரையில் அமர்ந்து வானொலியைத் திருப்புகிறார். 1961ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றின் பாடல் வருகிறது. அவர் கண்களை மூடிக்கொள்கிறார். பாட்டு முடிந்ததும், யாரும் கேளாமலே, “அதுவல்லவோ பாட்டு! இப்ப வாறதும் பாட்டோ?” என்கிறார். மூலையில் இருக்கும் மகன் ஒன்றும் பேசாமல் கைத்தொலைபேசியின் கம்பியைக் காதில் செருகிக்கொண்டு தன் பாட்டைக் கேட்கத் தொடங்குகிறான்.

எத்தனையோ வீடுகளில் அன்றாடம் நடக்கும் சிறு காரியம் இது. இதற்கு ஒரு பத்திரிகையில் இவ்வளவு இடம் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும் என்றே எண்ணுகிறேன். ஏனெனில் அந்தச் சாய்மனைக் கதிரையிலிருந்து ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டிருக்கிறது. ‘என் காலம் உயர்ந்தது, உன் காலம் தாழ்ந்தது’ என்பதே அத்தீர்ப்பு. தீர்ப்பு என்று வந்துவிட்டால், அது நீதியானதா என்று ஆராய்வது கடமையாகிறது. நீதிமன்றத்தில் மட்டுமன்று, சாப்பாட்டு மேசையிலும் ஒருவருக்கு அநியாயம் செய்துவிடலாம். அங்கே செய்யப்படும் அநியாயத்துக்கு மேன்முறையீடும் கிடையாது.

ஆகவே, இவ்வாரம் இக்கேள்வியை எடுத்துக்கொள்வோம்: நம் இளமைக் காலத்துப் பாட்டே பாட்டு என்று நாம் சொல்லும்போது, உண்மையைச் சொல்கிறோமா? அல்லது அயலானுக்கு அநியாயம் செய்கிறோமா?

தகப்பனார் பக்கம்

முதலில் தகப்பனாரின் வழக்கைக் கேட்போம். அது எளிதில் தள்ளிவிடக்கூடிய வழக்கு அன்று.

1961 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் ஆகிய மூன்று படங்களும் அவ்வாண்டிலேயே வெளிவந்தன. மூன்றையும் நெறிப்படுத்தியவர் பீம்சிங், மூன்றுக்கும் இசை அமைத்தவர்கள் விஸ்வநாதன் – ராமமூர்த்தி, பாடல்கள் கண்ணதாசனுடையவை. அறுபதாண்டுகளுக்கு மேலாகியும் அவை இன்னும் ஒலிக்கின்றன. அடுத்த ஆண்டு நெஞ்சில் ஓர் ஆலயம் வந்தது. 1964இல் கர்ணன் வந்தது. 1965இல் ஆயிரத்தில் ஒருவன் படத்தோடு அவ்விரு இசையமைப்பாளர்களும் பிரிந்தனர். அதே ஆண்டில் கே. வி. மகாதேவனின் இசையில் திருவிளையாடல் வெளியாயிற்று. ஐந்தாண்டுக்குள் இத்தனையும் என்றால், அக்காலத்தை ஒருவர் புகழ்வதில் வியப்பென்ன?

அக்காலத்துப் பாட்டில் உழைப்பு இருந்தது. பாடகரும் பக்கவாத்தியக்காரரும் ஒரே கூடத்தில் கூடி, ஒரே நேரத்தில் பாடி வாசித்துப் பதிவு செய்தார்கள். ஒருவர் தவறினால் எல்லோரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சொல் தெளிவாகக் கேட்டது. லகர ளகர ழகரம் பிசகாமல் வந்தது. இதிலே ஒரு வியப்பும் உண்டு. டி. எம். சௌந்தரராஜன் மதுரையில் சௌராட்டிர மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவர். பி. சுசீலாவும் பி. பி. ஸ்ரீனிவாசும் ஆந்திர நாட்டவர். விஸ்வநாதன் பாலக்காட்டுப் பக்கத்து மலையாளி. நம் தகப்பன்மார் தூய தமிழ் என்று போற்றும் அந்த உச்சரிப்பு, பெரும்பாலும் வேறு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் முயன்று பெற்றது.

அப்பாடல்கள் நம்மிடம் வந்த வழியும் பெருமைக்குரியது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், திரைப்படப் பாட்டு மக்களின் இரசனையைக் கெடுக்கிறது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் திரையிசை சில ஆண்டுகள் ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. 1957இல் விவித பாரதி தொடங்கப்படும்வரை பாட்டுக் கேட்க விரும்பிய இந்திய மக்கள் கொழும்பின் பக்கமே காதைத் திருப்பினார்கள். 1950இல் ஆரம்பிக்கப்பட்டிருந்த இலங்கை வானொலியின் வர்த்தக சேவை கடல் கடந்து புகழ்பெற்றது இப்படித்தான். எஸ். பி. மயில்வாகனத்தின் குரலை யாழ்ப்பாணத்தார் மட்டுமன்றித் தமிழகத்தாரும் அறிந்திருந்தனர். பின்னாளில் இராஜேஸ்வரி சண்முகமும் பி. எச். அப்துல் ஹமீதும் அந்த மரபைத் தொடர்ந்தார்கள். ஒரு சிறு தீவு பெரியதொரு நாட்டுக்குப் பாட்டு வழங்கியது என்று நம் பெரியவர்கள் நிமிர்ந்து சொன்னால், அதில் பொய்யில்லை.

எதிர்த்தரப்பு

நிற்க. இனி மகனுக்காகவும் ஒருவர் பேசவேண்டும் அல்லவா? அவன் பேசமாட்டான், காதில் கம்பி இருக்கிறது. அவனுக்காக நான் நான்கு காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, காலம் என்பது ஒரு சுளகு. 1960களில் வெளிவந்த பாட்டுகள் யாவும் இன்று நம் காதில் விழுவதில்லை. பொருளற்றவை, இரட்டைப் பொருள் கொண்டவை, ஒரு மெட்டைப் பார்த்து அடித்த மறுமெட்டுகள் என எத்தனையோ அன்றும் இருந்தன. காலம் அவற்றைப் புடைத்துத் தள்ளிவிட்டது. எஞ்சிய அரிசியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்று களத்திலிருந்து உமியோடும் கல்லோடும் வரும் நெல்லைப் பார்த்து, ‘இதுவும் தானியமோ?’ என்கிறோம். இன்றைய நெல் இன்னும் புடைக்கப்படவில்லை. புடைத்தபின் அதிலும் அரிசி இருக்கும்.

இரண்டாவது, இதே தீர்ப்பு முன்னரும் வழங்கப்பட்டது. அப்போது குற்றவாளிக் கூண்டில் நின்றவை இதே 1960களின் பாட்டுகள். தியாகராச பாகவதரின் ஹரிதாஸ் 1944இல் வெளிவந்து சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்தச் சங்கீதத்தில் ஊறிய பாட்டன்மாருக்கு, பிற்காலத்து மெல்லிசை சங்கீதமாகவே படவில்லை. சற்றுமுன் சொன்ன அமைச்சரை நினைத்துப் பாருங்கள். நாம் இன்று பொற்காலம் என்று கொண்டாடும் 1950களைத்தான் அவர் இரசனைக்கேடு என்றார். அவர் கல்வி அறிவற்றவர் அல்லர். கருநாடக, இந்துஸ்தானி இசையில் பற்றுக்கொண்டவர். அவர் தவறினார் என்றால், அதே தொனியில் பேசும் நாமும் தவறக்கூடும்.

மூன்றாவது, நம் வயது. 1989இல் ஹோல்புறூக், ஷிண்ட்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர் பல வயதினருக்குப் பல காலத்துப் பாட்டுகளைப் போட்டுக்காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். தமக்கு ஏறத்தாழ இருபத்து நான்கு வயதாக இருந்தபோது புகழ்பெற்றிருந்த பாட்டுகளையே மக்கள் மிகுதியாக விரும்பினர் என்று கண்டார்கள். நாம் பாட்டின் தரத்தைப் பற்றிப் பேசுவதாக எண்ணுகிறோம். பாதி வேளை நம் பிறந்த ஆண்டையே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நான்காவது காரியம்தான் கனமானது. பாட்டு இனித்தது என்பதால் காலமும் இனித்தது என்று எண்ணிவிடுகிறோம். பாலைவனத்தில் நின்ற இஸ்ராயேலர் எகிப்தை நினைத்து அழுதார்கள். மீனும் வெள்ளரிக்காயும் வெங்காயமும் பூண்டும் அவர்களுக்கு நினைவு வந்தன. செங்கல் அறுத்த முதுகு நினைவு வரவில்லை. எண்ணாகமத்தின் பதினோராம் அதிகாரத்தில் இதைக் காணலாம். நம் 1960கள் எத்தகையவை? 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழர் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசுகளும் உடன்பட்டன. அந்த மக்களை ஒருவரும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்திலோ, தேநீர்க் கடையில் சமமாக உட்காரவும் கோயிலுக்குள் போகவும் 1966 முதல் மக்கள் போராட வேண்டியிருந்தது. கடை வானொலியில் எல்லோருக்கும் பொதுவாகப் பாட்டு ஒலித்தது. தேநீர்க் குவளை மட்டும் பொதுவாக இருக்கவில்லை. அந்தப் பாகுபாட்டுக்கு நம் ஆலயங்களும் முழுதாக விலக்காய் இருந்தன என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாது. ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்று ஒருவர் சொல்லும்போது, வெளியே நின்று பேணியில் தேநீர் குடித்தவரும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முன்னைய நாள்கள் ஏன் இந்நாள்களைவிடச் சிறந்திருந்தன என்று கேட்பது ஞானத்திலிருந்து பிறக்கும் கேள்வி அன்று என்பதைச் சபை உரையாளரும் ஏழாம் அதிகாரத்தில் உணர்த்துகிறார்.

நான் நிறுத்திய பாட்டு

இந்த நான்கு நியாயங்களோடு மகன் வென்றுவிட்டான் என்று தீர்ப்பெழுதி, பேனாவை மூடிவிடலாம். பல ஆண்டுகளுக்கு முன், பதினான்கு வயதில், நானும் அப்படித்தான் எண்ணினேன். அன்று நான் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்வது முறை.

1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி, தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். வானொலி கேட்க வேண்டுமானால், சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் இழுத்து, ஒருவர் ஏறி மிதிக்கவேண்டும். எங்கள் வீட்டில் மிதிப்பவன் நான். அப்பா தையற்காரர். பகல் முழுவதும் தையல் மெசினை மிதித்த காலை நீட்டிக்கொண்டு அவர் திண்ணையில் இருப்பார். செய்தி முடிந்தால் பழைய பாட்டு. அவருக்கு 1960களின் பாட்டைத் தவிர வேறொன்றும் பாட்டில்லை.

எனக்கோ 1992இல் வந்த ரோஜா படத்தின் பாட்டுகளில் பைத்தியம். நண்பன் வீட்டில் ஒரு ஒலிநாடா இருந்தது. ஒருநாள் அதை இரவல் வாங்கிவந்து போட்டேன். பாதிப் பாட்டில் அப்பா சொன்னார்: “உதென்ன பாட்டடா தம்பி? தகரப் பேணி உருட்டின மாதிரிக் கிடக்கு. நிப்பாட்டு.”

நிறுத்தினேன். அடுத்த நாள் மாலை அவருடைய பாட்டு வந்தது. பாலும் பழமும் படத்தில் உள்ளது. அவர் கண்ணை மூடினார். பாட்டு நடுவில் வந்ததும் நான் மிதிப்பதை விட்டேன். வானொலி செத்தது. கால் நோகிறது என்றேன், கால் நோகவில்லை.

அவர் என்னை ஏசவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. நின்ற இடத்திலிருந்து மீதிப் பாட்டைத் தாமே மெல்லப் பாடி முடித்தார். அவருக்குக் குரல் வளம் கிடையாது. நான் சைக்கிளில் குந்தியபடியே இருந்தேன். வென்றுவிட்டேன் என்ற எண்ணம் அந்தப் பாட்டு முடிவதற்குள் போய்விட்டது.

1995 ஒக்டோபர் 30ஆம் தேதி வலிகாமத்து மக்கள் எல்லோரும் வெளியேறியபோது நாங்களும் வெளியேறினோம். சைக்கிளில் தையல் மெசினின் தலையைக் கட்டினோம். வானொலி வீட்டிலேயே நின்றுவிட்டது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் படுத்திருந்த இரவுகளில் ஒன்றில், அப்பா அதே பாட்டை வாய்க்குள் முணுமுணுப்பது கேட்டது. “ஏனப்பா எந்த நேரமும் உந்தப் பாட்டு?” என்று கேட்டேன். அன்று கேலியாகக் கேட்கவில்லை.

அவர் சொன்னார்: “அப்பு கடலிலை போன வருசம். எனக்குப் பதினாலு வயசு. பள்ளிக்கூடத்தாலை மறிச்சுப்போட்டு ரவுணிலை தையல் கடையிலை விட்டினம். நாள் முழுக்கத் தெறி தைக்கிறதுதான் வேலை. அழுகை வரும், முதலாளி பாப்பாரெண்டு அழேலாது. கடையிலை ஒரு றேடியோப் பெட்டி இருந்தது. உந்தப் பாட்டு வரேக்கை குனிஞ்சுகொண்டு தைப்பன். எனக்காக ஆரோ அழுகிற மாதிரி இருக்கும்.”

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

தீர்ப்பும் நன்றியும்

வாசகரே, அந்த விறாந்தையில்தான் இக்கேள்விக்கான விடையின் நுனி எனக்குக் கிடைத்தது. அதைப் பிடித்து வர, குருமடத்துப் படிப்பும் பல ஆண்டுகளும் தேவைப்பட்டன.

‘அதுவல்லவோ பாட்டு’ என்ற வாக்கியத்தில் இரண்டு பொருள் அடங்கியிருக்கிறது. ஒன்று தீர்ப்பு: இந்தப் பாட்டு மற்றெல்லாப் பாட்டுகளிலும் உயர்ந்தது. மற்றது நன்றி: இந்தப் பாட்டு எனக்கு வேண்டியிருந்த வேளையில் என்னோடு இருந்தது. நான் சொன்ன நான்கு நியாயங்களும் தீர்ப்பை அசைத்துவிடும். நன்றியை அவற்றில் ஒன்றும் தொடாது. தெறி தைத்த சிறுவனுக்கு அந்தப் பாட்டு ஆறுதல் தந்தது என்பது நடந்த காரியம். அதைச் சுளகாலும் தள்ள முடியாது. ஆய்வாலும் மறுக்க முடியாது.

புனித தோமஸ் அக்குவினாஸ் நன்றியறிதலை நீதியோடு சேர்ந்த ஒரு தனிப்பட்ட நற்பண்பாக வகுத்திருக்கிறார். பெற்றதற்கு ஈடாகச் செலுத்தவேண்டிய கடன் அது. கடன் என்பது கொடுத்தவருக்கே உரியது. எனக்கு அரிசி கடன் தந்த அயல்வீட்டாருக்கு நான் நன்றி சொல்லும்போது, ஊரில் மிகச் சிறந்த அரிசி அவர்களுடையதே என்று நிரூபிக்க வேண்டியதில்லை. நன்றிக்கு ஒப்பீடு தேவையில்லை. ‘என் தாயின் கைச் சமையல் போல் உலகில் இல்லை’ என்று ஒருவர் சொன்னால், உங்கள் தாயாரை அவர் பழித்ததாக நீங்கள் கோபிப்பதில்லை. அவர் தம் தாயை நேசிக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறீர்கள். பழைய பாட்டும் அவ்வாறே.

புனித அகுஸ்தீனாரின் வாழ்க்கையில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தாய் மோனிக்கம்மாள் இறந்தபோது அவருக்கு அழ முடியவில்லை. அடக்கம் முடிந்து, தூங்கி எழுந்து, படுக்கையில் தனியே கிடந்தபோது, மிலான் நகரில் அம்புரோசியாரிடம் கேட்ட ஒரு பாட்டின் அடிகள் நினைவுக்கு வந்தன. அதன்பின்னரே கண்ணீர் வந்தது. தம் ‘பாவ அறிக்கை’ நூலின் ஒன்பதாம் பகுதியில் இதை எழுதியிருக்கிறார். அதே அகுஸ்தீனார் பத்தாம் பகுதியில், பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகம் உருக்கும் வேளைகளைத் தம் குற்றமாக ஒப்புக்கொள்கிறார். ஒரே மனிதர் பாட்டுக்கு நன்றியும் சொன்னார். பாட்டு தம்மை எங்கே இழுக்கிறது என்று விழிப்பாகவும் இருந்தார். நமக்கும் இவ்விரண்டும் வேண்டும்.

எனவே பழைய பாட்டை நேசிப்பது குற்றமன்று. நன்றி தன் எல்லையைத் தாண்டித் தீர்ப்பாக மாறும் இடத்திலேயே குற்றம் தொடங்குகிறது. என் அப்பா தம் பாட்டை நேசித்ததில் அநியாயம் ஏதுமில்லை. என் பாட்டைப் பாதிகூடக் கேளாமல் தகரப் பேணி என்றதில் இருந்தது. என் அநியாயமோ பெரிது. அவர் என் பாட்டைப் பழித்தார்; நான் அவர் ஆறுதலை நடுவில் அறுத்தேன். ஒரு மனிதன் கண்மூடி ஒரு பாட்டைக் கேட்கும்போது அங்கே பாட்டு மட்டும் இருப்பதில்லை என்பதை நான் அறிந்திருக்கவில்லை. அறிய முயலவும் இல்லை.

“அப்படியானால் பாட்டில் நல்லது கெட்டதே இல்லையா, சுவாமி? எல்லாம் அவரவர் மனம்தானா?” என்று கேட்பீர்கள். இல்லை, நல்லதும் கெட்டதும் உண்டு. பெண்ணைப் பொருளாக்கும் பாட்டு 1965இல் பாடப்பட்டாலும் கெட்டது. இன்று பாடப்பட்டாலும் கெட்டது. குடியை வீரமாக்கும் பாட்டும், ஒரு சாதியை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தும் பாட்டும் அப்படியே. அவற்றைப் பெற்றோர் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் ஆண்டைப் பார்த்துக் கண்டிக்காதீர்கள். பொருளைப் பார்த்துக் கண்டியுங்கள். அதற்கு முதலில் கேட்கவேண்டும். ‘இது புதிது, ஆகவே குப்பை’ என்று சொல்லும் தகப்பன், உண்மையான குப்பையைக் காட்டி விலக்கும் நாளில் பிள்ளை நம்பமாட்டான். அநியாயமான தீர்ப்புகளை அடிக்கடி வழங்கும் நீதவானின் நியாயமான தீர்ப்புக்கும் மதிப்பிராது.

பாடியவரின் வாழ்க்கையைக் கொண்டு பாட்டைத் தள்ளுவதும் சரியன்று. கண்ணதாசன் தம் குறைகளைத் தாமே வனவாசத்தில் எழுதிவைத்தார். அவரேதான் வாழ்வின் இறுதிப் பகுதியில் இயேசு காவியமும் எழுதினார். 1981இல் அவர் மறைந்தார். அந்தக் காவியத்தை இன்றும் நம் வீடுகளில் காண்கிறோம்.

தகரப் பேணி

அப்பா இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. ரோஜா படத்தின் பாட்டுகளுக்கும் முப்பது வயது கடந்துவிட்டது. வானொலிகள் அவற்றை இப்போது ‘பழைய பாட்டு’ என்று போடுகின்றன. அவை வரும்போது நான் எழுத்தை நிறுத்திக் கேட்கிறேன்.

அண்மையில் ஒருநாள் மாலை, திருநாளுக்குச் சோடனை செய்ய வந்த பிள்ளைகள் குருமனை விறாந்தையில் இருந்தார்கள். ஒருவனின் கைத்தொலைபேசியில் ஒரு பாட்டு. கத்தலும் கொட்டும், சொல் ஒன்றும் விளங்கவில்லை. நான் கதவைத் திறந்து, “உதென்ன பாட்டு, தகரப் பேணி உருட்டின மாதிரி?” என்றேன்.

சொல்லி முடித்தபின்தான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. பையன் அவசரமாக நிறுத்திவிட்டான். முப்பதாண்டுகளுக்கு முன் நான் நிறுத்தியதுபோல.

கதிரை ஒன்றை இழுத்து அவன் பக்கத்தில் இருந்தேன். “முதலிலிருந்து போடு, கேட்பம்” என்றேன். அவன் நம்பாமல் பார்த்தான், பிறகு போட்டான். முழுவதும் கேட்டேன். உண்மையைச் சொல்வதானால், எனக்குப் பிடிக்கவில்லை. கொட்டுச் சத்தத்துக்குள் நல்ல தாளக்கட்டு ஒன்று இருந்தது. அதை மட்டும் சொன்னேன். “இந்தப் பாட்டிலை உனக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்து, “அண்ணா வெளிநாடு போக முதல் நாள் இரவு, ரெண்டு பேரும் படுத்திருந்து இதைத்தான் பாதர் கேட்டனாங்கள்” என்றான்.

அந்த அண்ணன் போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன என்று பின்னர் அறிந்தேன். இன்னும் வரவில்லை.

அன்புள்ள பெற்றோரே, இவ்வாரத்தில் ஒரு மாலை, உங்கள் பிள்ளையின் பாட்டு ஒன்றை முதலிலிருந்து முடிவுவரை கேளுங்கள். பிடிக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஏன் பிடிக்கிறது என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். அதன்பின் கண்டிக்க வேண்டியிருந்தால் கண்டியுங்கள். அப்போது உங்களுக்கு அதற்கான உரிமை இருக்கும்.

பிள்ளைகளே, உங்கள் அப்பாவோ அம்மாவோ கண்ணை மூடி ஒரு பழைய பாட்டைக் கேட்கும்போது, காதிலிருக்கும் கம்பியைக் கழற்றி வைத்துவிட்டு அந்த ஒரு பாட்டு முடியும்வரை பக்கத்தில் இருங்கள். முடிந்தபின், “இதை எங்கை முதன்முதல் கேட்டனீங்கள்?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லப்போவது உங்களுக்கு இதுவரை தெரியாத ஒன்றாக இருக்கலாம்.

பள்ளிக்கூட விறாந்தை வரையும் நான் அதைக் கேளாமல் இருந்தேன். நீங்கள் அவ்வளவு காலம் தாழ்த்த வேண்டாம்.